சாங்கியில் எந்த முனையம்? கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குப் போக டாக்சியில் ஏறினால் ஓட்டுநர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த முனையம்?" என்பதுதான். தெரியவில்லை என்று விழித்தால், "சரி, எந்த விமானம்?" என்பார். நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் அவரே ஒரு முனையத்தைச் சொல்லி வண்டியை எடுத்துவிடுவார். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவே இருக்கும். எங்கள் பெரியப்பா ஊர் திரும்பிய இரவு பத்தாவது முறையாக அமைந்துவிட்டது.

பெரியப்பாவுக்கு மன்னார்குடி. ஈசூனில் எங்களோடு ஒரு மாதம் இருந்துவிட்டுத் திருச்சி விமானத்துக்குக் கிளம்பினார். இரண்டு பெட்டிகள், நைலான் கயிறு சுற்றிய ஓர் அட்டைப்பெட்டி. அதில் பாதி மைலோ, பாதி கோடாலித் தைலம். முந்தைய ஆண்டு அம்மாவை முனையம் 1இல் வழியனுப்பிய ஞாபகத்தில் அங்கேயே போகச் சொன்னேன். ஓட்டுநரும் தலையாட்டினார். உள்ளே போய்த் திரையைப் பார்த்தால் எங்கள் விமானத்துக்கு நேரே "2" என்று இருந்தது. டிக்கெட் எடுத்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. முனையம் மாறிய தகவல், டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவரின் மின்னஞ்சலுக்குப் போய் அங்கேயே உறங்கிவிட்டது. திரையில் இருந்ததைக்கூட நானாகக் கண்டுபிடிக்கவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர்தான், "நிறுவனத்தின் பெயரைத் தேடாதீர்கள் தம்பி, எண்ணைத் தேடுங்கள்" என்று காட்டினார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவதில் பாதி அந்த ஒரு வரிதான்.

விமான எண்தான் முகவரி

புதிதாகச் சிங்கப்பூர் வந்தவர்கள், "இன்ன நிறுவனம் இன்ன முனையம்" என்று நண்பர்களிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தங்குவிடுதி அறையில் யாரோ எழுதி ஒட்டிவைத்த பட்டியல், வாட்ஸ்அப்பில் சுற்றும் படம், மூன்றாண்டுக்கு முன் வந்த கட்டுரை எதையும் நம்ப வேண்டாம். அதனால்தான் நானும் இங்கே நிறுவனவாரியாகப் பட்டியல் தரவில்லை. தந்தால் நீங்கள் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வீர்கள். அடுத்த ஆண்டு அது இன்னொருவரைத் தவறான வாசலில் இறக்கிவிடும்.

டிக்கெட்டை எடுத்து விமான எண்ணைப் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் எஸ்கியூ, ஸ்கூட் என்றால் டிஆர், இண்டிகோ என்றால் 6இ, ஏர் இந்தியா என்றால் ஏஐ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்றால் ஐஎக்ஸ் என்று தொடங்கும். அந்த எண்ணையும் பயணத் தேதியையும் சாங்கி விமான நிலையத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ தட்டினால் முனையம், பயணப் பதிவு வரிசை, புறப்படும் வாயில் எல்லாம் வரும். வாயில் மட்டும் கடைசி நேரத்தில்தான் உறுதியாகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டிக்கெட்டில் எஸ்கியூ என்று இருந்தாலும் பறக்கும் விமானம் ஸ்கூட்டாக இருக்கலாம். இரண்டும் ஒரே குழுமம். ஒன்றின் விமானத்தில் மற்றொன்று தன் எண்ணைப் போட்டு இருக்கைகளை விற்கும். சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கும் ஏர் இந்தியாவுக்கும் இடையிலும் இப்படியோர் உடன்பாடு உண்டு. டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில், இந்த விமானத்தை இயக்குவது யார் என்று ஒரு வரி இருக்கும். எஸ்கியூவுக்குப் பின்னால் நான்கு இலக்க எண் இருந்தால் அந்த வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள். பெட்டி கொடுக்க வேண்டிய இடம், டிக்கெட்டை விற்ற நிறுவனத்தின் முகப்பு அல்ல. விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் முகப்பு.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விஷயம் தனி. அது 2, 3 இரண்டு முனையங்களிலும் இயங்குகிறது. சென்ற முறை சென்னைக்குப் போனபோது ஒன்றில் ஏறியிருப்பீர்கள், இந்த முறை சிட்னிக்குப் போகும்போது மற்றொன்றாக இருக்கலாம். போன முனையத்திலேயே திரும்பி வந்து இறங்குவோம் என்ற உத்தரவாதமும் இல்லை.

மூன்று முறை பாருங்கள்

டிக்கெட் எடுத்த அன்று ஒரு முறை. புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு முறை. வீட்டுக் கதவைப் பூட்டும்போது ஒரு முறை. கடைசி முறைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. முகவர் மூலம் டிக்கெட் எடுத்திருந்தால், நிறுவனத்தின் தளத்தில் முன்பதிவு எண்ணைப் போட்டு உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். முகவருடையது மட்டும் இருந்தால் மாற்றச் செய்தி அவரோடு நின்றுவிடும். அவர் கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறார்கள்?

வீம்புக்கு மாற்றுவதில்லை. சாங்கி 1981இல் ஒரே முனையத்தோடு தொடங்கியது. இரண்டாவது 1990இல் வந்தது, மூன்றாவது 2008இல். ஒவ்வொரு முறை புதுக் கட்டடம் திறக்கும்போதும் யாராவது சிலர் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. நடுவில், 2006இல், மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று தனியாக ஒரு முனையம் கட்டினார்கள். டைகர் ஏர்வேஸ் அங்கிருந்துதான் பறந்தது. இங்கே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கும் அண்ணன்மார்களைக் கேளுங்கள், அந்தச் சின்னக் கட்டடத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 2012 செப்டம்பரில் அதை மூடி இடித்துவிட்டு, அதே இடத்தில் முனையம் 4ஐ எழுப்பினார்கள். அது 2017 அக்டோபர் 31 அன்று இயங்கத் தொடங்கியது. கேத்தே பசிபிக், ஏர்ஏஷியா, கொரியன் ஏர் போன்றவை அப்போது அங்கே குடிபோயின.

டைகர் முனையம் 2க்கு வந்தது, பிறகு ஸ்கூட்டோடு கலந்தது. ஸ்கூட் 2019 அக்டோபரில் 2இலிருந்து 1க்கு மாறியது. அடுத்த ஆண்டே கொவிட். பறக்க ஆளில்லாததால் 2020 மே மாதத்தில் முனையம் 2, 4 இரண்டையும் மூடி, மிச்சமிருந்த விமானங்களை 1க்கும் 3க்கும் ஒதுக்கினார்கள். 2ஐ மூடியிருந்த வேளையில் விரிவாக்கப் பணியையும் விரைவுபடுத்திக்கொண்டார்கள். 2022 மே மாத இறுதியிலிருந்து அது பகுதி பகுதியாகத் திறந்தது. 4ஆவது 2022 செப்டம்பரில் திறந்தது. திறக்கத் திறக்க நிறுவனங்கள் மீண்டும் இடம் மாறின.

ஜெட்ஸ்டார் ஏஷியாவின் கதை இன்னும் சுவாரசியம். அதை முனையம் 1இலிருந்து 4க்குப் போகச் சொன்னபோது, போக மாட்டோம் என்று வெளிப்படையாகவே முரண்டு பிடித்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2023 மார்ச் 22 அன்று மாறியது. 2025 ஜூலை 31 அன்று அந்த நிறுவனமே சேவையை முடித்துக்கொண்டது. முரண்டு பிடித்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. முனையம் 4 மற்ற மூன்றோடும் ஒட்டாமல் தனியே நிற்கிறது. இன்னொரு விமானத்துக்கு மாறிப் போகும் பயணிகளை நம்பிப் பிழைக்கும் நிறுவனத்துக்கு அந்தத் தூரம் பெரிய விஷயம். ஒரு நிறுவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதை இதுபோன்ற கணக்குகள்தான் தீர்மானிக்கின்றன: கூட்டாளி நிறுவனம் எங்கே இருக்கிறது, எந்த முனையத்தில் எந்த நேரத்தில் நெரிசல், எங்கே பராமரிப்புப் பணி நடக்கிறது.

இனிமேலும் மாறும். பழைய நான்கு முனையங்களையும் மேம்படுத்த 3 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவிடப் போவதாகச் சாங்கி விமான நிலையக் குழுமம் 2024இல் அறிவித்தது. முனையம் 5க்கு 2025 மே மாதத்தில் அடிக்கல் நாட்டியாயிற்று. 2030களின் நடுப்பகுதியில் அது திறக்கும்போது நடக்கப்போவது சாதாரணக் குடிபெயர்ப்பாக இருக்காது.

போய்ச் சேரும் வழி

பெருவிரைவு ரயிலில் போவதானால் தானா மேராவில் மாற வேண்டும். சாங்கி விமான நிலைய ரயில் நிலையம் 2க்கும் 3க்கும் நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் ஏறினால் 2, மறு பக்கம் ஏறினால் 3. முனையம் 1க்குப் போகிறவர்கள் அங்கிருந்து, முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயின் என்ற சிறு ரயிலைப் பிடிக்கலாம், அல்லது ஜுவல் வணிக வளாகம் வழியாக நடக்கலாம். பெட்டி கனமாக இருந்தால் ஸ்கைடிரெயினே மேல். அது இலவசம். இந்திய விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுபவை, அல்லது விடியும் முன் வந்து இறங்குபவை. அந்த நேரத்தில் ரயிலும் ஓடாது, ஸ்கைடிரெயினும் சில மணி நேரம் நின்றிருக்கும். டாக்சி என்றால் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் கட்டணத்தோடு அதில் பாதி கூடுதலாக வரும்.

பஸ்தான் மலிவு. உட்லண்ட்சிலிருந்து 858, ஹவ்காங்கிலிருந்து 27, பீஷானிலிருந்து 53, அங் மோ கியோவிலிருந்து 24, பொங்கோலிலிருந்து 34, ஆர்ச்சர்ட் பக்கமிருந்து 36. முனையம் 4க்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: எல்லாப் பஸ்ஸும் அங்கே நிற்பதில்லை. 24, 34, 36 ஆகியவை நிற்கும்.

கைப்பேசிச் செயலியில் வண்டி அழைக்கும்போது வெறுமனே "சாங்கி விமான நிலையம்" என்று போடாதீர்கள். முனையத்தையும், புறப்பாடா வருகையா என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநர் வாயால் வேறு எண்ணைச் சொன்னாலும் திரையைக் காட்டுங்கள். அவர் நினைவில் இருப்பது பழைய பட்டியலாக இருக்கலாம். என்னுடையது அப்படித்தான் இருந்தது.

தவறான முனையத்தில் இறங்கிவிட்டீர்கள். இனி?

முதலில் டாக்சியைத் தேடி வெளியே ஓடாதீர்கள். 1, 2, 3 மூன்றுக்குள் என்றால் ஸ்கைடிரெயின் போதும். ரயில் ஓடுவது சில நிமிடங்கள்தான். ஆனால் அட்டைப்பெட்டியோடும் வயதானவரோடும் மேலே ஏறி, காத்திருந்து, இறங்கி, சரியான வரிசையைக் கண்டுபிடிக்க இருபது, இருபத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவ்வளவுதான் ஆனது. பெட்டி முகப்பு மூடப் பதினொரு நிமிடம் இருந்தது. பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "விமானம் ஏற ரயில் பிடிக்க வேண்டியிருக்கிறதே, நல்ல ஊரப்பா இது" என்றார்.

4க்குப் போக வேண்டியவர் மற்ற மூன்றில் ஒன்றில் இறங்கிவிட்டால் கதை வேறு. அங்கே ஸ்கைடிரெயின் போகாது. விமான நிலையம் விடும் இலவசப் பேருந்து இருக்கிறது. முனையம் 4 என்று எழுதிய பலகைகளைப் பின்தொடருங்கள், அல்லது தகவல் முகப்பில் கேளுங்கள். காத்திருப்பையும் சேர்த்து முக்கால் மணி நேரம் கணக்கில் வையுங்கள். நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் டாக்சி.

பெட்டி கொடுக்கும் முகப்பு பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிவிடும். உங்கள் நிறுவனத்தின் நேரத்தை டிக்கெட்டிலேயே பாருங்கள். மூடப்போகிறது என்றால், உங்களில் கால் வேகமாக உள்ள ஒருவர் கடவுச்சீட்டோடு முன்னால் ஓடி முகப்பில் விவரம் சொல்லட்டும். பெட்டிகள் பின்னால் வரட்டும்.

பெட்டியே இல்லை, கைப்பைதான், இணையம் வழியாகப் பயணப் பதிவும் முடிந்துவிட்டது என்றால் கவலையே வேண்டாம். 1, 2, 3 ஆகியவற்றில் எந்த முனையத்தில் குடிநுழைவைக் கடந்தாலும் உள்ளே இடைவழிப் பகுதி ஒன்றோடொன்று இணைந்தது. அங்கேயும் ஸ்கைடிரெயின் ஓடுகிறது.

வாயிலின் எழுத்தைப் பார்த்தே முனையத்தைச் சொல்லிவிடலாம். ஏ, பி என்றால் 3. சி, டி என்றால் 1. இ, எஃப் என்றால் 2. ஜி, எச் என்றால் 4. சில சமயம் ஒரு முனையத்தில் பெட்டியைக் கொடுத்திருப்பீர்கள், வாயில் எழுத்து வேறு முனையத்தைக் காட்டும். பதற வேண்டாம், உள்ளேயே போய்விடலாம். இன்னொன்று: 1, 2, 3 ஆகியவற்றில் பாதுகாப்புச் சோதனை வாயிலுக்கு அருகில்தான் நடக்கும். முனையம் 4இல் குடிநுழைவைக் கடந்ததுமே எல்லாருக்கும் ஒரே இடத்தில் நடந்துவிடும். வாயில் வரை குடிக்கலாம் என்று தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வைத்திருந்தால் 4இல் முதலிலேயே கொட்ட வேண்டியிருக்கும்.

வழியனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

ஒருவர் ஊருக்குப் போக ஒன்பது பேர் வழியனுப்ப வருவது நம் வழக்கம். வரட்டும். ஆனால் பாட்டியை வாயில் வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பதற்காக மலிவான டிக்கெட் ஒன்றை வாங்கி உள்ளே போய்விட்டுப் பறக்காமல் திரும்புவது குற்றம். உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆண்டுதோறும் பிடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாதவர் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேளுங்கள். முகப்பிலிருந்து விமானக் கதவு வரை அவர்களே தள்ளிச் செல்வார்கள்.

சுற்றுலா விசாவில் வந்த பெற்றோர் முஸ்தபா கடையில் நகை வாங்கியிருந்தால், அன்று முனையம் தெரிந்திருப்பது இன்னும் அவசியம். பொருள், சேவை வரியைத் திரும்பப் பெற, புறப்படும் முனையத்தில் உள்ள இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டிக்குள் வைத்து அனுப்பும் பொருள் என்றால் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே பதிய வேண்டும். அதிகாரி காட்டச் சொன்னால் பொருளைக் காட்டவும் வேண்டும். இதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மகன் பெயரில் வாங்கிய ரசீதை அப்பா நீட்டினாலும் பயனில்லை.

வரவேற்கப் போகும்போது

வருகைக்கும் அதே விதிதான், எண்ணைத் தட்டுங்கள். விமானம் தரையிறங்கியதும் பெட்டி வரும் சுழல்பட்டையின் எண் திரையில் வரும். அந்த எண்ணுக்கு நேரே உள்ள கண்ணாடி அருகே நின்றால் உள்ளே பெட்டிகள் சுற்றுவது தெரியும். முதன்முறை வருகிறவருக்கு, கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த முகம் ஒன்று கையாட்டுவது பெரிய தைரியம். வெளியே வந்து ஆளைக் காணாவிட்டால் எங்கேயும் நகராமல், சுழல்பட்டை எண்ணுக்கு நேரே உள்ள வாசலிலேயே நிற்கும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இருவரும் ஒருவரையொருவர் தேடி இரண்டு முனையங்களில் சுற்றிய கதைகள் எனக்கு நாலைந்து தெரியும்.

சிங்கப்பூர் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்கள்

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் முனையம் மாறுவது உங்கள் தலைவலி அல்ல. பெட்டி தானாகவே போகும், நீங்கள் உள்ளேயே மாறிக்கொள்ளலாம். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்கக் குடிநுழைவைக் கடந்து வெளியே வர நேரிடலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அதற்குப் பொதுவாக விசா வேண்டும். இருநூறு வெள்ளி மிச்சம் பிடிக்கத் தனித்தனியாக எடுப்பதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டைப் பையில் ஒரு சீட்டு

தனியாகப் பயணம் செய்யும் பெரியவர்களுக்கு நான் இப்போது செய்வது இது. ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் விமான எண், தேதி, புறப்படும் நேரம், முனையம், என் கைப்பேசி எண் ஆகியவற்றை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். முனையத்தின் எண்ணை மட்டும் பென்சிலால் எழுதுகிறேன். பெரியப்பா அடுத்த முறை வந்துவிட்டுத் திரும்பியபோது அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மற்றதெல்லாம் பேனாவில் எழுதியிருக்கிறாய், இதை மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சிரித்துவிட்டுச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.